குற்றவியல் முனைவர் படிப்பு: மூன்று இடங்கள் கிடைத்திருக்கின்றன, எதை ஏற்பது?

நீலக்குறிஞ்சி | மார்ச் 21

வணக்கம். குற்றவியல் முனைவர் படிப்புக்காக அமெரிக்காவில் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஆறு கைவிரித்துவிட்டன. மூன்றில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வாரமாகக் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்; முடிவுக்கு வர இயலவில்லை. பெயர்களைத் தவிர்த்து அ, ஆ, இ என்று எழுதுகிறேன்.

அ: பெருநகரம். மூன்றிலும் தரவரிசையில் மேலே இருப்பது இதுதான். ஆண்டுக்கு 30,000 டாலர், 12 மாதமும் வரும். கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. நான்கு ஆண்டுக்கு உறுதி.

ஆ: சிறிய ஊர். 22,000 டாலர், 9 மாதத்துக்கு மட்டும். கற்பித்தல் உதவியாளர் வேலை, வாரம் 20 மணி நேரம். ஐந்து ஆண்டுக்கு உறுதி. மருத்துவக் காப்பீடு அவர்கள் பொறுப்பு.

இ: முதல் ஆண்டு எந்த வேலையும் இல்லாத நல்கை, 34,000 டாலர். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர். அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

என் ஆர்வத்தையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களில் 83 விழுக்காட்டினர் ஒன்பது ஆண்டுகளுக்குள் மீண்டும் கைதானார்கள் என்கிறது நீதிப் புள்ளியியல் பணியகத்தின் கணக்கு. எல்லோரும் அந்த 83-ஐப் பற்றியே பேசுகிறார்கள். மீதி 17 பேர் எப்படி விலகி நின்றார்கள் என்பதுதான் என் கேள்வி. அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். விடுதலைக்கு முன்பே, சிறைக்குள்ளேயே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மனம் இ பக்கம் சாய்கிறது. வீட்டில் எல்லோரும் அ என்கிறார்கள். ஆ-வைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

செம்பருத்தி | மார்ச் 21

வாழ்த்துகள்! என் பதில் அ. குற்றவியலில் முழுநேரப் பேராசிரியர் வேலைகள் குறைவு. ஒரு விளம்பரத்துக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது பட்டம் தந்த இடத்தை. மேரிலாந்து, ஆல்பனி, சின்சினாட்டி, பென் ஸ்டேட், இர்வைன் என்று அடிக்கடி அதே பெயர்கள்தான் காதில் விழுகின்றன. நல்ல பெயருள்ள இடம் கிடைத்திருக்கும்போது அதை விட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

திசைகாட்டி | மார்ச் 22

பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கடிதத்தில் உள்ள தொகையை வைத்து ஒப்பிடாதீர்கள். மூன்று ஊர்களிலும் ஓர் அறைக்கு வாடகை என்ன? கல்விக் கட்டண விலக்கு என்றால் மற்ற கட்டணங்களும் விலக்கா? பல இடங்களில் தொழில்நுட்பக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம், போக்குவரத்துக் கட்டணம் என்று தனியே வாங்குவார்கள். சேர்க்கைக் கடிதத்தில் இவை இருக்காது. மாணவர் கணக்கு அலுவலகத்தின் பக்கத்தில் பட்டியல் இருக்கும், போய்ப் பாருங்கள்.

நீலக்குறிஞ்சி | மார்ச் 22

பார்த்தேன். அ: வாடகை மாதம் 1,500, இதரக் கட்டணங்கள் ஆண்டுக்கு 2,400, காப்பீட்டில் என் பங்கு 1,200. ஆ: வாடகை 750, கட்டணங்கள் 900, காப்பீடு இலவசம். இ: வாடகை 1,100, கட்டணங்களைப் பற்றி இன்னும் தெளிவான பதில் வரவில்லை.

திசைகாட்டி | மார்ச் 22

அப்படியானால் கணக்கு இதோ. அ-வில் 30,000-இலிருந்து வாடகை 18,000, கட்டணம் 2,400, காப்பீடு 1,200 போனால் மிச்சம் 8,400. மாதம் 700 டாலர். ஆ-வில் 22,000-இலிருந்து வாடகை 9,000, கட்டணம் 900 போனால் 12,100. மாதம் ஆயிரத்துக்குச் சற்று மேல். கடிதத்தில் 8,000 குறைவாகத் தெரிந்த இடம் கையில் அதிகம் தருகிறது. ஆனால் ஆ-வில் கோடை மூன்று மாதம் சம்பளம் வராது. அந்தப் பணத்தை நீங்களே முன்கூட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். முதல் ஆண்டில் ஒதுக்காமல் விட்டவர்கள் ஜூன் மாதத்தில் கடன் கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வரி வேறு இருக்கிறது. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் நீங்கள் வரிச் சட்டப்படி அந்நாட்டில் வசிக்காதவர். சமூகப் பாதுகாப்புக்கும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் பிடிக்கும் 7.65 விழுக்காடு உங்களுக்குக் கிடையாது. கூட்டாட்சி வருமான வரி உண்டு. இந்தியக் குடியுரிமை இருந்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி நிலையான கழிவைக் கோரலாம். வேறு பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. இ-யின் நல்கை வேலைக்கான சம்பளம் ஆகாது என்பதால் அதில் பொதுவாக 14 விழுக்காடு முன்பிடித்தம் செய்வார்கள். 34,000-க்கு அது 4,760 டாலர். வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் ஒரு பகுதி திரும்ப வரலாம், ஆனால் அடுத்த ஆண்டுதான்.

பனைமரம் | மார்ச் 23

நான் ஐந்தாம் ஆண்டு மாணவன், இதே துறை. தொகையை விடுங்கள், அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இ-யின் கடிதத்தை எடுங்கள். இரண்டாம் ஆண்டைப் பற்றிய வாக்கியத்தில் என்ன வினைச்சொல் இருக்கிறது? "வழங்குவோம்" என்றா, "வழங்க எதிர்பார்க்கிறோம்" என்றா? அதன் பின்னால் "நிதி இருப்பைப் பொறுத்து" என்று ஒரு தொடர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

கற்பித்தல் உதவியாளர் சம்பளம் துறையின் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. இளநிலை மாணவர்கள் இருக்கும் வரை பாடம் நடத்த, விடைத்தாள் திருத்த ஆள் தேவை. மானியத்திலிருந்து வரும் ஆய்வு உதவியாளர் சம்பளம் அப்படி இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறை 350-க்கும் மேற்பட்ட மானியங்களை நடுவழியில் ரத்து செய்தது. வன்முறைத் தடுப்பு, பாதிக்கப்பட்டோர் உதவி, விடுதலைக்குப் பிந்தைய மறுவாழ்வு எல்லாம் அதில் அடிபட்டன. உங்கள் ஆர்வம் அதே வட்டத்துக்குள்தான் வருகிறது. எங்கள் நடைபாதையில் எதிர் அறை ஆய்வுக் குழுவுக்கு அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது. புதன்கிழமை காலை வந்து பார்த்தபோது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் நேர்காணல் ஒலிப்பதிவுக் கருவிகளை எண்ணி எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு கருவிகள். திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றார். அவருக்குத் துறை பிறகு கற்பித்தல் வேலை கொடுத்துத் தாங்கிக்கொண்டது. எல்லாத் துறைகளாலும் அது முடியாது.

ஆகவே இ-யிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மானியம் யாருடையது? எந்த மாதம் முடிகிறது? முடிந்தால் துறை தன் பணத்தில் என்னை ஏற்குமா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஆற்றுமணல் | மார்ச் 23

என் வேண்டுகோள் வேறு. நான் இரண்டு இடங்களில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். எந்த இடம் வேண்டாம் என்று தெரிந்துவிட்டதோ அதை உடனே மறுத்துவிடுங்கள். பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை காலம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தால் எங்களுக்கு அழைப்பு கடைசி நாள் மாலையில் வருகிறது, யோசிக்க நேரம் இருப்பதில்லை.

நீலக்குறிஞ்சி | மார்ச் 24

ஆற்றுமணல், நிச்சயமாக.

பனைமரம் அண்ணா, கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "எதிர்பார்க்கிறோம்" என்றுதான் இருக்கிறது. பக்கத்தின் கீழே "நிதி இருப்பையும் திருப்திகரமான முன்னேற்றத்தையும் பொறுத்து" என்றும் இருக்கிறது. இருபது முறை படித்தும் இது என் கண்ணில் படவில்லை. பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். அன்பாகப் பதில் போட்டார், ஆனால் ஏப்ரல் 1-க்குள் முடிவைச் சொன்னால் நல்லது என்கிறார். தாமதித்தால் கோபித்துக்கொள்வாரோ?

கரிசல் | மார்ச் 24

பேராசிரியராக இருக்கிறேன், சேர்க்கைக் குழுவிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பட்டமேற்படிப்புப் பள்ளிகள் மன்றத்தின் தீர்மானம் ஒன்று உண்டு: அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் நிதியுதவியோடு இடம் தந்தால், ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரை நிர்ப்பந்திக்கக் கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியலை மன்றமே வெளியிட்டிருக்கிறது. இ அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஏப்ரல் 15-க்குள் உறுதியாகச் சொல்கிறேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். நல்ல நெறியாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி உங்கள் ஆய்வுக்கு வருகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. நீங்கள் சிறைக்குள் போய்ப் பேச வேண்டும் என்கிறீர்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான கூட்டாட்சி விதிகளில் கைதிகளுக்கென்று 1978-இலேயே தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. உங்கள் திட்டத்தைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஒருவர் கைதியாகவோ கைதிகளின் பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். பங்கேற்பதால் பரோல் கிடைக்கும் வாய்ப்பு கூடவோ குறையவோ செய்யாது என்பதை ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிறகு மாநிலச் சிறைத் துறையின் அனுமதி தனி. அதன்பின் அந்தக் குறிப்பிட்ட சிறையின் கண்காணிப்பாளர் சம்மதிக்க வேண்டும். நடுவில் அவர் மாற்றலாகிப் போனால் மறுபடியும் முதலிலிருந்து. இவையெல்லாம் நியாயமான காரணங்களுக்காக வந்த விதிகள். மருந்துப் பரிசோதனைகளுக்குக் கைதிகளைப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. ஆனால் உங்கள் நாட்காட்டியில் இவை ஓர் ஆண்டைத் தின்றுவிடும்.

முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வுத் திட்டம், பிறகு அனுமதிகள், பிறகுதான் முதல் நேர்காணல். விடுதலையான பின்னும் அவர்களைத் தொடர வேண்டும் என்கிறீர்கள். நான்கு ஆண்டு உறுதி உங்களுக்குப் போதாது. அ-வைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதுதான். தரவுத் தொகுப்பை இறக்கிவைத்து ஆய்வு செய்பவருக்கு நான்கு ஆண்டு நெருக்கடியாக இருந்தாலும் சமாளிக்கலாம். உங்களுக்கு ஐந்தாம் ஆண்டில்தான் வேலை சூடுபிடிக்கும், அப்போது சம்பளம் நின்றிருக்கும்.

விலகி நின்றவர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நீண்ட வேர் உண்டு. குற்றவியலாளர்கள் ஜான் லாபும் ராபர்ட் சாம்ப்சனும் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்த பெட்டிகளிலிருந்து முன்தலைமுறை ஆய்வாளர்களான குளூக் தம்பதியின் பழைய தரவுகளை மீட்டார்கள். பாஸ்டனைச் சேர்ந்த 500 குற்றச் சிறுவர்களின் வாழ்க்கை அந்தப் பெட்டிகளில் இருந்தது. அவர்களில் 52 பேரைத் தேடிப் பிடித்து, ஏறக்குறைய எழுபது வயதில் நேரில் பேசினார்கள். திருமணம், நிலையான வேலை, இராணுவச் சேவை என்று திருப்புமுனைகள் வெளிப்பட்டன. எண்ணும் பேச்சும் சேர்ந்த ஆய்வு அது. மூன்று துறைகளில் எங்கே இந்த இரண்டையும் கற்றுத்தருகிறார்கள் என்று பாடத்திட்டத்தைப் பாருங்கள். புள்ளியியல் எல்லா இடத்திலும் கட்டாயம். நேர்காணல் முறைக்கு ஒரே ஒரு விருப்பப் பாடம், அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் நீங்கள் தனியாகத்தான் நீந்த வேண்டும்.

வெண்கொக்கு | மார்ச் 25

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நானும் ஒருவரை நம்பித்தான் சேர்ந்தேன். அவருடைய கட்டுரைகள் எனக்கு மனப்பாடம். இரண்டாம் ஆண்டு டிசம்பரில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சொன்னார். அவர் மீது எனக்கு இன்றும் வருத்தம் இல்லை; அவருக்கும் குடும்பம் இருந்தது, நல்ல வாய்ப்பு வந்தது. மாணவர்களில் ஒருவரை மட்டும் உடன் அழைத்துப் போக முடிந்தது, அது நான் இல்லை. துறையில் என் தலைப்பை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. சைபர் குற்றம் ஆராய்பவரிடம் என்னை ஒப்படைத்தார்கள். அவர் நல்லவர், ஆனால் என் அத்தியாயங்களைப் படித்துவிட்டு எழுத்துப் பிழைகளைத்தான் திருத்தித் தருவார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஏழரை ஆண்டில் முடித்தேன்.

ஒரே ஒருவருக்காகச் சேராதீர்கள், தங்கையே. உங்கள் தலைப்பில் பேச இரண்டு பேராவது, முடிந்தால் மூன்று பேர் இருக்கும் துறையைத் தேடுங்கள்.

செம்பருத்தி | மார்ச் 25

வெண்கொக்கு சொன்னது மனதைப் பிசைகிறது. ஆனாலும் அது இ-க்கு எதிரான வாதம்தான், அ-வுக்கு எதிரானது இல்லையே. பெரிய துறையில் ஒருவர் போனாலும் இன்னொருவர் இருப்பார்.

கரிசல் | மார்ச் 25

அது உண்மை. அளவு ஒரு காப்பு. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் மாணவரை ஏற்பதும் வேறு வேறு. ஓய்வுபெறப் போகிறவர், புல முதல்வராகிவிட்டவர், ஏற்கெனவே ஆறு மாணவர்களை வைத்திருப்பவர் ஆகியோரைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

தரவரிசையைப் பற்றி ஒன்று. அது துறை முழுவதுக்குமான மதிப்பு. இத்துறைகள் ஒரே குணம் கொண்டவை இல்லை. மிச்சிகன் ஸ்டேட்டில் இது 1935-இல் காவல் பயிற்சியாகத் தொடங்கியது. இர்வைனில் துறையின் பெயரே குற்றவியல், சட்டம், சமூகம். பென் ஸ்டேட்டில் சமூகவியலோடு சேர்ந்திருக்கிறது. ஒன்றில் பூக்கும் ஆய்வு இன்னொன்றில் வாடிப்போகும். வேலை தேடும்போதும் இது வரும்: சமூகவியல் துறைகள் குற்றவியல் பட்டக்காரர்களை எளிதில் எடுப்பதில்லை, குற்றவியல் துறைகள் இரு தரப்பையும் எடுக்கின்றன.

ஆற்றுமணல் | மார்ச் 26

ஒரு சந்தேகம். நான் தரவு ஆய்வு செய்பவன். வெளிநாட்டு மாணவருக்கு அதில் தடை உண்டா?

கரிசல் | மார்ச் 26

பெரும்பாலான தரவுகளுக்கு இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் தரவுக் காப்பகத்தில் நிறையப் பொதுவில் கிடைக்கிறது. கணக்கெடுப்புப் பணியகத்தின் பாதுகாக்கப்பட்ட தரவு மையங்களுக்குள் போக மட்டும், கடைசி ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டமேற்படிப்பு நல்கை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். "வெளி நல்கை வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு துறை சொன்னால் நீங்கள் எதற்கெல்லாம் தகுதியுடையவர் என்று கேளுங்கள்.

நீலக்குறிஞ்சி | ஏப்ரல் 6

நீண்ட நாள் கழித்து வருகிறேன். மூன்று துறைகளின் மாணவர்களோடும் காணொளியில் பேசினேன். ஒவ்வொரு துறையிலும் மூன்று பேர், அவர்களில் ஒருவராவது மூன்றாம் ஆண்டுக்கு மேல் இருப்பவர். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "போன கோடையில் என்ன செய்தீர்கள்?"

அ-வில் ஒருவர் உற்சாகமாகத் தொடங்கினார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்காம் ஆண்டு முடிந்ததும் சம்பளம் நின்றதாகவும், இரண்டு கல்லூரிகளில் பாடவாரியாக வகுப்பெடுத்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதுவதாகவும் சொன்னார். அவர் குடிமகன், அதனால் வெளியே வேலை செய்ய முடிகிறது. "உங்களுக்கு எஃப்-1, இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இ-யின் துறைத் தலைவர் "இதுவரை யாரையும் கைவிட்டதில்லை" என்றார். நம்புகிறேன். ஆனால் அதை எழுதித் தர இயலாது என்றார். பேராசிரியரின் மானியம் என் இரண்டாம் ஆண்டின் நடுவில் முடிகிறது. கேட்டதும் அவரே நேர்மையாகச் சொன்னார்.

ஆ-வில் இருவர் சிறை மறுவாழ்வு ஆராய்கிறார்கள். ஒருவர் அதே மாநிலச் சிறைத் துறையோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கிறார். அவருடைய மாணவி ஒருவர் வாரம் ஒருமுறை சிறைக்குப் போய்வருகிறார். உள்ளே பேனா கொண்டுபோகக் கூடாது, அவர்களே தரும் குட்டைப் பென்சிலில்தான் குறிப்பெடுக்க வேண்டும் என்று சொல்லி, தேய்ந்த பென்சில் ஒன்றை கேமரா முன் காட்டினார். அந்தப் பென்சிலைப் பார்த்ததும் எனக்கு அங்கே போக வேண்டும் போலிருந்தது.

திசைகாட்டி | ஏப்ரல் 6

அப்படியானால் கோடைக்குப் பணம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள். அ-வின் தொகையைக் குறிப்பிட்டு, "உங்கள் துறைதான் என் முதல் விருப்பம், கோடை மாதங்களுக்கு ஏதாவது வழி உண்டா?" என்று பட்டமேற்படிப்பு இயக்குநருக்கு எழுதுங்கள். கோடையில் வளாகத்துக்குள் முழுநேர வேலை செய்யவும் எஃப்-1 அனுமதிக்கிறது. முதல் விருப்பம் என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

நீலக்குறிஞ்சி | ஏப்ரல் 10

எழுதினேன். நான்கு நாளில் திருத்திய கடிதம் வந்தது: முதல் இரண்டு கோடைகளுக்கு 3,500 டாலர் வீதம். "வழங்குவோம்" என்று இருக்கிறது. பனைமரம் அண்ணாவுக்காக அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

ஆ-வை ஏற்றுவிட்டேன். அ-வை நேற்றே மறுத்தேன். இ-யின் பேராசிரியருக்கு எழுதத்தான் ஒரு நாள் முழுவதும் ஆனது. என்ன எழுதினாலும் நன்றிகெட்டதனமாகத் தோன்றியது. கடைசியில் அவருடைய எந்தக் கட்டுரையை எங்கே உட்கார்ந்து படித்தேன் என்பதைச் சொல்லி, மானியத்தின் முடிவைப் பற்றி மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்லி நிறுத்திவிட்டேன். அன்று மாலையே பதில் வந்தது. ஆய்வேட்டுக் குழுவுக்கு வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் தேவைப்படும்போது தன்னை நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நவம்பரில் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் மாநாட்டில் சந்திப்போம் என்றும் எழுதியிருக்கிறார்.

செம்பருத்தி | ஏப்ரல் 10

நான் இன்னும் அ என்றுதான் சொல்வேன். வேலை தேடும் ஆண்டில் பெயர் உதவும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் உங்கள் ஆய்வுக்குச் சிறைக் கதவு திறக்கும் இடம் எது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள்.

வெண்கொக்கு | ஏப்ரல் 11

இருவரோடும் முதல் ஆண்டிலேயே பழகுங்கள். சிறைத் துறை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, அவர் போனால் அது துறையோடு இருக்குமா என்பதையும் கேட்டுவையுங்கள்.

நீலக்குறிஞ்சி | ஏப்ரல் 11

கேட்டேன் அக்கா. பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறதாம்.

ஆற்றுமணல் | ஏப்ரல் 13

இரண்டில் ஓர் இடத்திலிருந்து இன்று அழைப்பு வந்தது. யோசிக்க இரண்டு நாள் இருக்கிறது. கடிதத்தை இங்கே தட்டச்சு செய்கிறேன், இரண்டாம் ஆண்டுக்கான வாக்கியத்தை எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.